வெளியூர் பந்தோபஸ்து: பயணப்படியையும் தங்குமிடத்தையும் பெறும் முறை

கொங்கு நாட்டுக் காவலர்களுக்குத் தை பிறந்தாலே வெளியூர்ப் பணியும் தொடங்கிவிடும். தைப்பூசத்துக்குப் பழனி, 1998 குண்டுவெடிப்பின் நினைவு நாளான பிப்ரவரி 14-ஆம் தேதிக்குக் கோவை, மகா சிவராத்திரிக்கு வெள்ளியங்கிரி அடிவாரம், பங்குனியில் பண்ணாரி குண்டம், மே மாதம் ஊட்டி மலர்க் கண்காட்சி என்று வரிசையாக ஆணைகள் வரும். இடையில் ஈரோடு கிழக்குத் தொகுதியில் 2023-இலும் 2025-இலும் நடந்ததைப் போல ஓர் இடைத்தேர்தல் வந்துவிட்டால், பல மாவட்டங்களின் ஆட்களும் ஒரே ஊரில் வந்து இறங்க வேண்டியிருக்கும். மாதச் சம்பளம் அரசின் களஞ்சியம் என்ற இணையச் செயலி வழியாக வங்கிக் கணக்கில் தானாக வந்து சேர்ந்துவிடுகிறது. பயணப்படி அப்படி வருவதில்லை, கேட்டால்தான் கிடைக்கும். கேட்டது கிடைக்குமா என்பதையும், பணி முடிந்த பிறகு எழுதும் பயணப்படிப் பட்டியலைவிட, புறப்பட்ட நாளில் நிலையத்தில் எழுதப்பட்ட சில வரிகளே பெரும்பாலும் முடிவு செய்கின்றன.

முதலில் உங்கள் தலைமையிடம் எது என்பதைத் தெளிவாகத் தெரிந்துகொள்ளுங்கள். நீங்கள் குடியிருக்கும் ஊரோ சொந்த ஊரோ அல்ல, உங்கள் பணியிட ஆணையில் உள்ள நிலையமோ ஆயுதப்படைப் பிரிவோ பட்டாலியனோ அமைந்திருக்கும் இடம்தான் தலைமையிடம். அங்கிருந்து 8 கிலோமீட்டர் சுற்றளவுக்குள் எத்தனை மணி நேரம் நின்றாலும், வெளியூரில் இருக்கும் நாளுக்கான செலவுத் தொகையான தினப்படியைக் கேட்க முடியாது. அதைத் தாண்டிவிட்டால், மாவட்ட எல்லையைக் கடந்தீர்களா என்ற கேள்விக்கு இடமில்லை. கரூர் கொங்கு நாட்டு ஊர்தான் என்றாலும் காவல் துறைக் கணக்கில் திருச்சி சரகத்தைச் சேர்ந்தது, பழனி திண்டுக்கல் மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆகையால் மேற்கு மண்டலக் காவலர் ஒருவர் அங்கே பணி செய்யும்போது, வேலை வாங்கும் அதிகாரி ஒருவராகவும் பட்டியலுக்கு ஒப்புதல் தரும் அதிகாரி வேறொருவராகவும் இருப்பார்கள். ஒப்புதல் எப்போதும் தாய்ப் பிரிவில்தான். அங்கே இருப்பவர்கள் உங்களைப் பழனியில் பார்த்திருக்கப் போவதில்லை என்பதால், காகிதம்தான் பேச வேண்டும்.

அந்தக் காகிதங்களில் முதலாவது, துறையில் எல்லோரும் பாஸ்போர்ட் என்று சொல்லும் பணிச் சீட்டு. பெருந்துறை நிலையத்துத் தலைமைக் காவலர் ஒருவர் தைப்பூசப் பந்தோபஸ்துக்கு அனுப்பப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அதிகாலை 4 மணிக்கு நிலையத்தை விட்டுப் புறப்படும் அவர், காங்கேயம், தாராபுரம் வழியாகப் பழனி சென்று, அடிவாரத்தில் ஒதுக்கப்பட்ட இடத்தில் காலை 8 மணிக்கு ஆஜராகிறார். நிலைய எழுத்தரான ரைட்டர் அவசரத்தில் பாஸ்போர்ட்டில் நேரம் குறிக்காமல் தேதியை மட்டும் எழுதி, பொது நாட்குறிப்பில் பொழுது விடிந்த பிறகு மற்றவர்களோடு சேர்த்து 7 மணி என்று பதிந்துவிட்டால், அந்த 3 மணி நேரம் போனது போனதுதான். பெரிய இழப்பில்லை என்று தோன்றலாம். ஆனால் தினப்படி என்பது தலைமையிடத்தை விட்டு விலகியிருந்த நேரத்தைக் கொண்டே கணக்கிடப்படுவதால், புறப்பட்ட நாளிலும் திரும்பிய நாளிலும் இந்தச் சில மணி நேரமே தொகையைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும். எனவே நிலையத்தை விட்டு இறங்கும் முன்பே பாஸ்போர்ட்டிலும் பொது நாட்குறிப்பிலும் ஒரே நேரம் பதிவாகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பாஸ்போர்ட்டைக் கைபேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பணியிடத்தில் ஆஜரான நேரத்தையும் விடுவிக்கப்பட்ட நேரத்தையும் அங்குள்ள பொறுப்பு அதிகாரி பாஸ்போர்ட்டின் பின்பக்கத்தில் எழுதி, கையொப்பமும் முத்திரையும் இட வேண்டும். அதே தலைமைக் காவலரை மூன்றாம் நாள் கூட்டத்தைச் சமாளிக்க ஒட்டன்சத்திரம் சாலைக்கு மாற்றினால், அந்த மாற்றமும் அதில் ஏற வேண்டும். வாய்மொழியாகவோ வாட்ஸ்அப் குழுவிலோ வந்த ஆணையாக இருந்தால் அனுப்பியவர் பதவி, நேரம், இடம் ஆகியவற்றை அன்றைக்கே உங்கள் குறிப்பேட்டில் எழுதிவிடுங்கள். விடுவிக்கும் நேரத்தில் பேருந்தைப் பிடிக்கும் அவசரத்தில் கையொப்பம் வாங்காமல் கிளம்புவது எங்கும் நடப்பதுதான். பிறகு அதற்காக இன்னொரு மாவட்டத்துக்குக் கடிதம் எழுதி, பதிலுக்காக மாதக்கணக்கில் காத்திருக்க நேரிடும்.

போக்குவரத்தில் குழப்பம் குறைவு. துறை வேனில் அழைத்துச் சென்றால் பயணக் கட்டணம் கேட்க முடியாது, அதற்காகத் தினப்படியை விட்டுவிட வேண்டியதும் இல்லை. அரசுப் பேருந்தில் செல்வதானால், பணிப் பயணத்துக்குத் துறை தரும் அனுமதிச் சீட்டான வாரண்டை வாங்கிக்கொள்ளுங்கள். 2024 மே மாதம் நாங்குநேரி அருகே காவலர் ஒருவருக்கும் நடத்துநருக்கும் ஏற்பட்ட வாக்குவாதம் மாநிலம் முழுவதும் பேசப்பட்டபோது, வாரண்டு இருந்தால் மட்டுமே கட்டணமில்லாப் பயணம் என்று போக்குவரத்துத் துறை தெளிவாகச் சொல்லிவிட்டது. சீருடை பயணச் சீட்டு ஆகாது. கையிலிருந்து பணம் கொடுத்துப் பயணித்தால் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். வெப்பத் தாளில் அச்சான எழுத்து சில வாரங்களில் மங்கிவிடும் என்பதால் அதையும் படம் எடுத்துக்கொள்வது நல்லது.

தினப்படியின் அளவு உங்கள் ஊதிய நிலையைப் பொறுத்தது. 18,200 ரூபாயில் தொடங்கும் இரண்டாம் நிலைக் காவலருக்கும் 36,900 ரூபாயில் தொடங்கும் உதவி ஆய்வாளருக்கும் ஒரே விகிதம் பொருந்தாது. பதவி உயர்வு பெற்ற மாதத்தில் வெளியூர் சென்றிருந்தால், பழைய விகிதத்தில் பட்டியல் போடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பந்தோபஸ்து இடத்தில் அரசுச் செலவில் உணவு வழங்கப்பட்டிருந்தால் அதை மறைத்து முழுத் தினப்படி கேட்காதீர்கள், தணிக்கையில் சிக்கினால் பணத்தைத் திருப்பிக் கட்டுவதோடு விளக்கமும் எழுத வேண்டியிருக்கும். அயற்பணியில் மத்திய அமைப்புகளுக்குச் சென்று மத்திய அரசு விதிகளின் கீழ் வருபவர்களுக்குக் கணக்கே வேறு. அங்கே 2017 முதல் தங்கும் அறை, உள்ளூர்ப் பயணம், உணவு என்று மூன்றாகப் பிரித்து உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். ஐந்தாம் நிலைக்கும் அதற்குக் கீழும் உள்ளவர்களுக்கு நாளொன்றுக்கு அறைக்கு 450, பயணத்துக்கு 113, உணவுக்கு 500 ரூபாய் என்று தொடங்கியது. விலகியிருந்த நேரம் 6 மணிக்குள் என்றால் உணவுத் தொகையில் 30 விழுக்காடு, 12 மணி வரை 70 விழுக்காடு, அதற்கு மேல் முழுமை. இந்த விழுக்காடுகளை மாநிலப் பட்டியலில் எழுதிக் கொடுத்துவிட்டு, பட்டியல் திரும்பி வந்த பின் வருந்துபவர்களும் உண்டு.

ஆணையின் வாசகத்தைப் படிக்காமல் கிளம்பாதீர்கள். பந்தோபஸ்துப் பணி என்றிருந்தால் தலைமையிடம் மாறாது. வீட்டு வாடகைப்படி வழக்கம்போல் தொடரும், காவலர் குடியிருப்பில் இருப்பவர் வீட்டைக் காலி செய்ய வேண்டியதில்லை. இடமாறுதல் என்றிருந்தால் தலைமையிடமே மாறிவிடும், அதன் பிறகு புதிய இடத்தில் செய்யும் பணிக்குத் தினப்படி கிடையாது. அந்த இடமாறுதல் நிர்வாக நலன் கருதி என்றிருந்தால் மாறுதல் பயணப்படி உண்டு, சொந்த விருப்பத்தின் பேரில் என்றிருந்தால் இல்லை. நீங்கள் விண்ணப்பிக்காத மாறுதலில் சொந்த விருப்பம் என்ற சொற்கள் இருந்தால், பணியில் சேருவதற்கு முன்பே எழுத்துமூலம் திருத்தம் கேளுங்கள். நீலகிரிப் பணியிடங்களுக்குரிய மலைப்படியையும் குளிர்காலப்படியையும், ஒரு வாரம் மலர்க் கண்காட்சிக்குப் போய்வந்தவர் எதிர்பார்க்க முடியாது. அவருக்குரியது பயணப்படியும் தினப்படியும்தான்.

தங்குமிடத்தைப் பொறுத்தவரை நடைமுறையில் கிடைப்பது கல்யாண மண்டபம், பள்ளிக்கூட வகுப்பறை அல்லது சமுதாயக் கூடம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2012-இல் வந்த மாற்றத்தின்படி, வீட்டை விட்டு வெளியே இரவு தங்க வைக்கப்படும் காவலருக்கு இரவொன்றுக்கு 50 பவுண்டும், குளியலறையோடு கூடிய தனி அறை தரப்படாவிட்டால் மேற்கொண்டு 30 பவுண்டும் என்று வகுத்தார்கள். நம் பயணப்படிப் பட்டியலில் வசதிக் குறைவுக்கென்று ஒரு கலம் கிடையாது. ஆகவே இங்கே செய்யக்கூடியது, ஆட்கள் போய்ச் சேரும் முன்பே கேட்பதுதான். ஒவ்வொருவரும் தனித்தனியாகத் தொலைபேசியில் அழைப்பதைவிட, குழுவின் மூத்த உதவி ஆய்வாளர் பந்தோபஸ்துப் பொறுப்பு அதிகாரியிடம், எத்தனை ஆண்கள், எத்தனை பெண்கள், எத்தனை கழிப்பறைகள், இரவில் தண்ணீர் வருமா, ஊட்டியானால் கம்பளி உண்டா என்று கேட்டு, பதிலை எழுதி வாங்குவது பயன் தரும். பெண் காவலர்களுக்கு உள்ளே தாழிடக்கூடிய தனிக் கூடமும் தனிக் கழிப்பறையும் இல்லையென்றால், முதல் இரவே அதைப் பதிவு செய்து மேலதிகாரிக்கு அனுப்புங்கள். மகப்பேறு விடுப்பு முடிந்து வரும் பெண் காவலருக்கு, பெற்றோரோ கணவர் வீட்டாரோ வசிக்கும் மாவட்டத்தில் 3 ஆண்டுகள் பணி என்று 2024 ஆகஸ்டில் முதலமைச்சர் அறிவித்தது பணியிடத்தைப் பற்றியது. கைக்குழந்தை உள்ளவர் வெளியூர்ப் பந்தோபஸ்திலிருந்து விலக்கு வேண்டினால் தனியாகவே விண்ணப்பிக்க வேண்டும்.

திரும்பி வந்ததும், அந்த மாதம் முடிவதற்குள் பட்டியலை எழுதிக் கொடுத்துவிடுங்கள். புறப்பட்ட இடம், நேரம், சேர்ந்த இடம், நேரம், தொலைவு, சென்ற வாகனம், பணியின் நோக்கம் என்று ஒவ்வொரு கலமும் பாஸ்போர்ட்டோடு ஒத்துப்போக வேண்டும். நான்கைந்து பந்தோபஸ்துகளைச் சேர்த்து ஒரே மூச்சில் எழுதுபவர்களின் பட்டியல்தான் மேலொப்பத்துக்குப் போகாமல் திரும்பி வருகிறது. ஒரு நகலில் பெற்றுக்கொண்டதற்கான தேதியும் கையொப்பமும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பணம் வரவில்லையென்றால், 1966-ஆம் ஆண்டுச் சட்டம் காவலர்கள் சங்கம் அமைப்பதைக் கட்டுப்படுத்துவதால், சங்கத்தின் வழியே கேட்க வழியில்லை. முதலில் மாவட்டக் காவல் அலுவலகத்தில் உரிய பிரிவு எழுத்தரிடம் பட்டியல் எந்த நிலையில் இருக்கிறது என்று கேளுங்கள். பல நேரங்களில் நிதி ஒதுக்கீடு வராததே காரணமாக இருக்கும், அப்படியானால் பட்டியல் வரிசையில் ஏற்றப்பட்டிருக்கிறதா என்பதை மட்டும் உறுதி செய்துகொண்டால் போதும். பட்டியலே காணவில்லை என்றால், கையிலுள்ள நகலோடு கண்காணிப்பாளர் காவலர்களை நேரில் சந்தித்து விசாரிக்கும் ஆர்டர்லி ரூமில் மனுக் கொடுங்கள். அதற்கும் பதில் இல்லாவிட்டால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய்க் கட்டணத்தோடு, இன்ன தேதியில் கொடுத்த பட்டியல் இப்போது யாரிடம் இருக்கிறது, எந்தத் தேதியில் அவரிடம் வந்தது என்ற இரண்டு கேள்விகளை மட்டும் கேளுங்கள். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும் என்பது சட்டம்.