ஃபிளஷ் டேங்கில் தேரை: எடுப்பதும் விடுவதும்

உச்சிப்புளி, மண்டபம் பக்கம் பிளம்பிங் வேலை பார்க்கிறேன். பங்குனி வெயில் ஏறிவிட்டால், "அண்ணே, ஃபிளஷ் டேங்க்குல தேரை உக்காந்திருக்கு, வந்து எடுத்துட்டுப் போங்க" என்று போன் வரும். இதற்கெல்லாம் ஆள் தேவையில்லை, நீங்களே எடுக்கலாம்.

முதலில் அது தேரை, அதாவது மரத்தவளைதானா என்று பாருங்கள். விரல் நுனி ஒவ்வொன்றிலும் வட்டமாகத் தட்டு இருக்கும். வழவழப்பான டைல்ஸில் அது ஏறுவது அதை வைத்துத்தான். சொறித்தவளைக்கு அந்தத் தட்டு கிடையாது, சுவரும் ஏறாது. தேரையில் ஆண் சின்னது. பெண் 7, 8 செ.மீ. வரை வளரும். நிறத்தை மட்டும் நம்பாதீர்கள்: ஒரே தேரை ஒரு நேரம் கரும்பழுப்பாகவும் இன்னொரு நேரம் வெளிறிய மஞ்சளாகவும் இருக்கும். தாவும்போது தொடையின் பின்புறத்தைக் கவனியுங்கள், மஞ்சள் புள்ளிகள் பளிச்சென்று தெரியும்.

தேரைக்குத் தண்ணீர் குடிக்க வாய் வேண்டாம், தோலே உறிஞ்சிக்கொள்ளும். உள்ளே போகிற வழியாகவே ஈரம் வெளியேயும் போய்விடும். நம் ஊரில் மழை ஐப்பசி, கார்த்திகையோடு சரி; அப்புறம் மணலும் உப்புக்காற்றும்தான். அதனால் குளியலறைக்கு வருகிறது. பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன்: தோலில் கசியும் மெழுகு போன்ற பசையை முன்கால், பின்கால் இரண்டாலும் தலை, முதுகு, விலா என்று ஒரு இடம் விடாமல் தேய்த்துக்கொள்ளும். பிறகு கால்களை வயிற்றுக்கடியில் மடக்கி, கண்ணை மூடி, அசையாமல் ஒட்டிக்கொள்ளும். அந்தப் பூச்சுதான் ஈரத்தைக் காக்கிறது. அதை நாம் கலைக்கக் கூடாது.

ஆகவே சோப்பு, சானிடைசர் பட்ட கையால் தொடாதீர்கள். உப்பு தூவினால் ஓடிவிடும் என்பார்கள்; அது கொலை. ஃபிளஷ் மூடியை மெதுவாகத் தூக்கி, வாயகன்ற டப்பாவால் மூடி, அடியில் ஒரு அட்டையைச் செருகினால் போதும். கையால்தான் எடுப்பேன் என்றால் வெறும் தண்ணீரில் நனைத்துக்கொண்டு எடுங்கள். பதற்றத்தில் நீர் விடும், பயப்பட வேண்டாம். அதன் பசை கண்ணில் பட்டால் எரியும், எனவே முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். தேரை பாய்ந்தால் பிள்ளை மெலியும் என்று சொல்லும் பாட்டிகள் இன்னும் இருக்கிறார்கள். பிள்ளை மெலிந்தால் டாக்டரிடம் காட்டுங்கள், தேரையை விட்டுவிடுங்கள்.

விடுவது அந்தி சாய்ந்த பிறகு, தண்ணீர் பாயும் வாழைக்குப் பக்கத்தில். மத்தியான மணலில் விட்டால் காய்ந்துவிடும். மறுநாளே திரும்பி வந்தால் ஆச்சரியமில்லை. செப்டிக் டேங்க் வென்ட் பைப்பிலும் மேல்தொட்டியின் ஓவர்ஃப்ளோவிலும் கொசுவலையைக் கட்டுங்கள். கொசுவுக்கும் அதுவே தடை.

மழைக்காலத்தில் சங்கதி வேறு. தொட்டிச் சுவரில், தண்ணீருக்குச் சற்று மேலே, வெள்ளையாக நுரை ஒட்டியிருந்தால் பிளீச்சிங் பவுடரைக் கொட்டாதீர்கள். அது கூடு. பெண் தேரை தன் உடம்பிலிருந்து வரும் திரவத்தைப் பின்காலால் முட்டை வெள்ளைக்கரு போல அடித்து நுரையாக்கி, அதற்குள் நூற்றுக்கணக்கில் முட்டையிடும். வெளிப்பக்கம் காய்ந்து பழுப்பாகும், உள்ளே ஈரமாகவே இருக்கும். சில நாளில் தலைப்பிரட்டைகள் நுரையைக் கரைத்துக்கொண்டு கீழே தண்ணீரில் விழும்.

குடிதண்ணீர்த் தொட்டி என்றால் கூட்டை எடுக்கத்தான் வேண்டும். நனைத்த மெல்லிய அட்டையைச் சுவரோடு ஒட்டி, கூட்டின் பின்னால் சிறிது சிறிதாக நகர்த்துங்கள். மேல்பக்கம் மேலேயே இருக்கட்டும். நிழலில் ஒரு சிமெண்டுத் தொட்டியில் மழைத்தண்ணீர் பிடித்து, அதன் விளிம்பில் பாதி உள்ளே நீட்டியபடி அட்டையை வைத்துக் கல் ஏற்றுங்கள். குழாய்த் தண்ணீர்தான் இருக்கிறது என்றால் ஒரு நாள் திறந்து வைத்து, குளோரின் போனபின் ஊற்றுங்கள். உப்புக் கிணற்றுத் தண்ணீர் ஆகாது. கப்பி மீனை விடாதீர்கள், குஞ்சுகளைத் தின்றுவிடும்.

பாசியும், அவித்த கீரை கொஞ்சமும் தலைப்பிரட்டைக்குப் போதும். முழுசாக வளர இரண்டு மாதம் வரை ஆகலாம். கால் முளைத்ததும் பனை மட்டை ஒன்றைத் தண்ணீரிலிருந்து கரைக்குச் சாய்த்து வையுங்கள், ஏற வழியில்லாவிட்டால் மூழ்கிவிடும். வால் சுருங்கும் நாட்களில் அவை தின்னாது, நீங்களாக எதையும் போட வேண்டாம். எல்லாம் ஏறிப் போனதும் தொட்டியைக் கவிழ்த்து வையுங்கள், இல்லாவிட்டால் கொசு வந்துவிடும்.