சும்மா கிடைக்கிற லினக்ஸுக்கும் கணக்கு உண்டு

"ஏனுங்க தம்பி, அந்தப் பெங்குயின் படம் போட்டது சும்மாதானே? அதையே ஏத்திக் குடுங்க." வேலந்தாவளத்தில் தேங்காய் மண்டி வைத்திருக்கும் பெரியவர், வாங்கி இரண்டே நாளான லேப்டாப்பை என் மேஜையில் வைத்தார். உள்ளே விண்டோஸ் 11 இருந்தது.

தவறு அங்கேயே தொடங்கிவிட்டது. கம்பெனியே விண்டோஸ் போட்டு விற்கும் லேப்டாப்பில் லைசென்ஸ் காசும் விலைக்குள் அடக்கம். அதை அழித்து, பெங்குயின் சின்னம் போட்ட இலவச இயங்குதளமான லினக்ஸை ஏற்றினால் காசு மிச்சமாகாது. விண்டோஸ் இல்லாத மாடலை வாங்கும்போதே கேட்டிருக்க வேண்டும்.

அடுத்து, மண்டிக் கணக்கு. அவர் எழுதுவது டேலி என்ற கணக்கு மென்பொருளில். அது விண்டோஸுக்கென்று செய்தது. விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட வைக்கும் வைன் வழியாக ஓட்டிப் பார்க்கலாம்தான்; ஜி.எஸ்.டி தாக்கல் செய்கிற அன்றைக்கு நின்றுபோனால் யாரைக் கூப்பிடுவது? இதே மாதிரி ஒரு கடைக்கு முன்பு மாற்றிக் கொடுத்தேன். எடைச்சீட்டு அடிக்கும் பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் ஒவ்வொரு சீட்டிலும் ஒரு வரி கீழே இறங்கி விழுந்தது. சரிபண்ண ஒன்றரை நாள். கூலி கேட்க வாய் வரவில்லை. அந்த ஒன்றரை நாளும் செலவுதானே, என் தலையில் விடிந்தது. அன்றிலிருந்து, தினமும் திறக்கிற மென்பொருள் எது, பிரிண்டர் எது என்று முதலில் எழுதி வாங்கிக்கொள்கிறேன்.

விண்டோஸ்காரர்கள் போடும் கணக்கிலும் ஓட்டை உண்டு. லைசென்ஸ் விலையோடு நிறுத்திவிடுவார்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. விண்டோஸ் 11 டி.பி.எம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு கேட்கும், நன்றாக ஓடுகிற பழைய மிஷின்கள் பல அதிலேயே அடிபட்டுப் போகும். புது மிஷின் வாங்கும் காசையும் விண்டோஸ் பக்கம்தான் எழுத வேண்டும். லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டுவின் எல்.டி.எஸ் (நீண்டகால ஆதரவுப் பதிப்பு) என்றால் ஐந்து வருடம் பாதுகாப்புத் திருத்தங்கள் இலவசம், அடுத்த பதிப்பும் இலவசம். (கிராக் போட்ட விண்டோஸை 'இலவசம்' என்பவர்களிடம் நான் பேச்சுக் கொடுப்பதில்லை.)

லினக்ஸ் என்றால் பயிற்சிச் செலவு அதிகம் என்பார்கள். எங்கள் ஊர்ப்பக்கம் அது அப்படியே செல்லாது. பாலக்காடு மாவட்டக் கொழிஞ்சாம்பாறையில் தமிழ் மீடியம் படித்த பிள்ளையும் பள்ளி லேபில் பார்த்தது, கேரள அரசின் பள்ளித் தொழில்நுட்ப நிறுவனமான கைட் தரும், உபுண்டு அடிப்படையிலான லினக்ஸைத்தான். பொள்ளாச்சியிலிருந்து வருகிற பில் போடும் பையனுக்கு வேண்டுமானால் ஒரு வாரம் பிடிக்கலாம்.

சரி, கடைசியில் லேப்டாப்பில் விண்டோஸ் அப்படியே இருந்தது. அவர் வீட்டுப் பழைய கம்ப்யூட்டருக்கு எஸ்.எஸ்.டி (வேகமான சேமிப்பகம்) போட்டு, பேரனுக்காக உபுண்டு ஏற்றினேன். பெரியவர் கூலியில் நூறு ரூபாயைப் பிடித்துக்கொண்டார்.

"லினக்ஸ் சும்மாதானுங்களே தம்பி!"