நோட்டீஸ் வந்த பிறகு பில் தேடுகிறவர்களுக்கு

வேலூர் லாங் பஜாரில் மொத்த வியாபாரம் செய்யும் ஒருவர் போன வருடம் ஒரு மஞ்சப்பையோடு என் மேஜைக்கு வந்தார். உள்ளே மூன்று வருடத்து பில்கள். "எல்லாம் இருக்குது சார், ஒண்ணுகூடத் தூக்கிப் போடலை" என்றார். ஆனால் அவருக்கு ஜி.எஸ்.டி. நோட்டீஸ் வந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. ஜி.எஸ்.டி. இணையதளத்தில் கூடுதல் நோட்டீஸ்கள் என்ற மூலையில் அது கிடந்தது. மாதாமாதம் ரிட்டர்ன் போட்டுத் தந்தவர் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பதிலே வராததால் வரியைக் கட்டச் சொல்லி உத்தரவும் போட்டுவிட்டார்கள்.

இங்கே நான் அதிகம் பார்க்கும் தவறு இதுதான். ஜி.எஸ்.டி. பதிவில் தகவல் வருவதற்காகக் கொடுத்திருக்கும் மொபைல் எண் யாருடையது என்று கேட்டுப் பாருங்கள், பல கடைகளில் என்றோ வேலையை விட்டுப்போன கணக்குப்பிள்ளையுடையதாக இருக்கும். நோட்டீஸ் கண்ணில் படவில்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் வரை போய், கேட்ட வரியில் 10 சதவீதமோ அதற்கு மேலோ கட்டிய பிறகு மறுவிசாரணை வாங்கி வந்தவர்கள் உண்டு. வாரம் ஒருமுறை தளத்தைத் திறந்து பார்த்திருந்தால் அந்தச் செலவு மிச்சம்.

வந்தது என்ன நோட்டீஸ் என்று படிக்காமலே பயப்படுவது அடுத்தது. ஏ.எஸ்.எம்.டி-10 என்றால் ரிட்டர்னில் முரண்பாடு இருக்கிறது என்று விளக்கம் கேட்கிறார்கள், 30 நாளுக்குள் பதில் போட வேண்டும். ஏ.டி.டி-01 என்றால் தணிக்கை. குறைந்தது 15 வேலை நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும் என்பது சட்டம். தயாராக அந்த அவகாசம் போதும், முதல் பத்து நாளைத் தெரிந்தவர் மூலம் 'பேசிப் பார்ப்பதில்' தொலைக்காமல் இருந்தால். அப்படிப் பேசுவதில் பணம் போகுமே தவிர, தளத்தில் ஏறிய நோட்டீஸ் எங்கும் போகாது.

ஜமாபந்தியில் கிராமக் கணக்கைப் புரட்டுவது மாதிரி தணிக்கை அதிகாரி கடைக்கு வந்துதான் புரட்டுவார் என்று பலர் நினைக்கிறார்கள். அவர் கிளம்பும்போதே நீங்கள் மாதாமாதம் போட்ட 3பி ரிட்டர்ன், சப்ளையர் ஏற்றிய பில்களிலிருந்து உருவான 2பி பட்டியல், சரக்கை அனுப்ப எடுத்த இ-வே பில், வருமான வரியில் காட்டிய விற்றுமுதல் எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருப்பார். அந்த ஒப்பீட்டை நாம்தான் செய்திருக்க மாட்டோம்.

ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை தோல் வியாபாரத்தில் வேறொரு சிக்கல். ஜாப் ஒர்க்குக்கு, அதாவது கூலிக்குப் பதனிட, தோல் போகும்போது கூடவே போகும் சலானில் 'இத்தனை துண்டு' என்று எழுதுகிறார்கள். பதனிட்டுத் திரும்பும்போது 'இத்தனை சதுர அடி'. போனதும் வந்ததும் ஒன்றுதான் என்று காகிதத்தில் எப்படிக் காட்டுவது? ஒரு வருடத்துக்குள் சரக்கு திரும்பவில்லை என்றால் அனுப்பிய நாளிலேயே விற்றதாகக் கணக்கு, வரியும் வட்டியும் சேரும். இரண்டு சலானிலும் துண்டு, அடி இரண்டையும் எழுதிவிடுங்கள், அவ்வளவுதான். அப்புறம், கடனுக்கு வாங்கிய சரக்குக்கு பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் பணம் போகாவிட்டால் எடுத்த வரி வரவை, அதாவது வாங்கியபோது கட்டிய வரிக்காகக் கழித்துக்கொண்டதை, திருப்ப வேண்டும். எட்டு மாதத் தவணையில் பழகியவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

தணிக்கை நாளில் வாயைவிடக் காகிதம் பேசட்டும். ஞாபகத்திலிருந்து எண் சொல்லாதீர்கள், படிக்காத வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடாதீர்கள், ஒப்புகை வாங்காமல் ஒரிஜினல் தராதீர்கள். வரி நிஜமாகவே விடுபட்டிருந்தால், மோசடி இல்லாத பட்சத்தில், ஏன் வசூலிக்கக் கூடாது என்று காரணம் கேட்கும் ஷோ காஸ் நோட்டீஸுக்கு முன்பே வட்டியோடு கட்டினால் அபராதம் கிடையாது. விடுபடவில்லை என்றால் கட்டாயத்துக்காகக் கட்ட வேண்டியதில்லை. உத்தரவு வந்தாலும் மேல்முறையீட்டுக்கு 3 மாதம் இருக்கிறது, சர்ச்சைக்குரிய வரியில் 10 சதவீதம் முன்கூட்டியே கட்டினால் போதும்.

மஞ்சப்பைக்காரருக்கு அந்த 3 மாதத்தில் பத்தொன்பது நாள்தான் மிச்சம் இருந்தது. பில்களைப் பிரித்து வருடவாரியாக அடுக்க உட்கார்ந்தோம். ஆண்டு ரிட்டர்னின் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் கணக்கை வைத்திருக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்துதான் இருந்தது. ஆனால் பாதி பில்கள் மெஷினில் வரும் வழவழப்புத் தாள். மூன்று வேலூர் கோடையை அவற்றைத் தகர ஷெட்டில் கழிக்க விட்டிருக்கிறார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால், கடைப்பெயர் இருந்த இடத்தில் ஒரு சாம்பல் நிழல் மட்டும் தெரிந்தது.