வெயிலும் சுழற்சியும்: கதிர்வீச்சு, எடையின்மை இரண்டும் சேர்ந்து செல்லை என்ன செய்கின்றன என்று ஈஸ்ட்டில் பார்ப்பது எப்படி?

விண்வெளியில் மனிதச் செல்லுக்கு இரண்டு சோதனைகள் ஒரே நேரத்தில் வருகின்றன. காஸ்மிக் கதிரிலுள்ள கனமான அணுக்கருக்கள் டி.என்.ஏ.வின் இரண்டு இழைகளையும் சேர்த்தே அறுக்கும். அறுந்ததை ஒட்டவைக்கும் வேலை எடையின்மையில் நடந்தாக வேண்டும். எடையின்மை அந்த வேலையைக் கெடுக்கிறதா? 1985-ல் விண்ணுக்குப் போன குச்சிப்பூச்சி முட்டைகளில் இரண்டும் சேர்ந்தபோது ஊனம் கூடியது. 1994-ல் கொலம்பியா விண்கலத்தில் பாக்டீரியாவும் மனித ஃபைப்ரோபிளாஸ்ட் (இணைப்புத் திசு) செல்களும் தரையில் செய்வதுபோலவே பழுதுபார்த்துக்கொண்டன. கேள்வி இன்னும் தீரவில்லை.

தர்மபுரி, கிருஷ்ணகிரி பள்ளி ஆய்வகங்களில் இதன் சிறு வடிவத்தைச் செய்யலாம்: காஸ்மிக் கதிருக்குப் பதில் வெயில், எடையின்மைக்குப் பதில் மெதுவான சுழற்சி, மனிதச் செல்லுக்குப் பதில் ஈஸ்ட். ஈஸ்ட்டின் டி.என்.ஏ. பழுதுபார்க்கும் ஜீன்கள் பலவற்றுக்கு மனிதனிடமும் இணை உண்டு. ஆனால் வெயிலின் புற ஊதாக்கதிர் காஸ்மிக் கதிர் அல்ல. அது இழையை அறுப்பதைவிட, டி.என்.ஏ.வின் அடுத்தடுத்த எழுத்துகளை (பேஸ்களை) ஒன்றோடொன்று ஒட்டிவிடுகிறது. சுழற்சியும் ஈர்ப்பை நீக்காது, அதன் திசையை மட்டும் மாற்றிக்கொண்டே இருக்கும்.

சுழலி: 12 வோல்ட், 2 ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு 2 சுற்று) டி.சி. கியர் மோட்டார். தண்டில் ஒரு பி.வி.சி. மூடியைப் பொருத்தி, ஊசியில்லாத 5 மில்லி சிரிஞ்சுகளைத் தண்டுக்கு இணையாக, நடுவிலிருந்து 1 செ.மீ.க்குள் கட்டுங்கள். இந்த வேகத்தில் மையவிலக்கு விசை புவியீர்ப்பில் இருபதாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. 60 சுற்று மோட்டார் போட்டால் இருபத்தைந்தில் ஒரு பங்காகிவிடும், செல்கள் ஓரமாக ஒதுங்கும். தண்டு ரசமட்டத்தில் துல்லியமாகப் படுத்திருக்க வேண்டும். சாய்ந்தால் செல்கள் ஒரு முனைக்கு இறங்கும். கரண்ட்டை நம்பாமல் பைக் பேட்டரியில் ஓட்டுங்கள். நடுராத்திரியில் அரைமணி நேரம் நின்றாலும் அந்தச் சோதனை வீண்.

முதலில் சுழலியைக் கொள்ளில் சோதியுங்கள். இரவு ஊறவைத்த கொள்ளை ஈரப்பஞ்சோடு சின்ன டப்பாவில் அடைத்து, தண்டில் கட்டி, இருட்டில் இரண்டு நாள் சுற்றவிடுங்கள். நிறுத்தி வைத்த டப்பாவில் வேர்கள் எல்லாம் கீழே வளைந்திருக்கும். சுற்றியதில் முளைவிட்ட பக்கமே ஒவ்வொன்றும் நீண்டிருக்கும். அப்படி வராவிட்டால் ஈஸ்ட்டைத் தொடாதீர்கள்.

ஈஸ்ட்: கொதித்து ஆறிய 100 மில்லி நீரில் பேக்கரி உலர் ஈஸ்ட் 0.1 கிராம். சர்க்கரை வேண்டாம், போட்டால் வாயுக்குமிழி வந்து குழாயைக் கலக்கிவிடும், செல்களும் பெருகும். வெறும் நீரில் அவை பெருகாமல் பழுதை மட்டும் பார்க்கும்.

வெயில்: பாதி கரைசலைத் தட்டில் 3 மி.மீ. ஆழத்துக்கு ஊற்றி, ஐஸ் தண்ணீர்த் தட்டின் மேல், பதினொன்றரை மணி வெயிலில் திறந்து வையுங்கள். கண்ணாடி மூடி புற ஊதா-பி கதிரைத் தடுத்துவிடும். பெரும்பாலான சோதனைகள் கெடுவது இங்கேதான். மறு பாதியை ஃபாயிலால் மூடி அதே ஐஸ் தட்டில் பக்கத்திலேயே வைத்தால், செத்தது சூட்டாலா கதிராலா என்ற சந்தேகம் வராது. பேக்கரி ஈஸ்ட் லேசில் சாகாது. அதனால் முந்தின நாளே 30, 60, 90, 120 நிமிடம் காட்டி, பாதி சாகும் நேரத்தைக் கண்டுபிடியுங்கள்.

வெயில் பட்டதும் உடனே இருட்டு. வெளிச்சம் இருந்தால் ஈஸ்ட்டின் ஒரு என்சைம் அந்த ஒளியைக்கொண்டே பழுதை நீக்கிவிடும். மனிதச் செல்லில் அந்த என்சைம் கிடையாது.

சிரிஞ்சுகள் நான்கு வகை: எதுவும் படாதது, சுழற்சி மட்டும், வெயில் மட்டும், இரண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் "சேர்ந்து" என்ற சொல்லுக்கு இடமில்லை. காற்றுக்குமிழி துளியும் இல்லாமல் அடையுங்கள். சுழலாதவற்றை மோட்டார் பலகையிலேயே கட்டினால் அதிர்வு எல்லாவற்றுக்கும் பொது. 24 மணி நேரம் விடுங்கள்.

எண்ணுதல்: ஈஸ்ட் வளரும் தட்டுகளுக்கு, 200 கிராம் உருளைக்கிழங்கை வேகவைத்து வடித்த சாறு, 20 கிராம் டெக்ஸ்ட்ரோஸ், 15 கிராம் அகார், ஒரு லிட்டருக்கு, பிரஷர் குக்கரில் 20 நிமிடம். சிரிஞ்சை இருபது முறை கவிழ்த்துக் கலக்கி, 1 மில்லியை 9 மில்லி நீரில் நான்கு முறை அடுத்தடுத்து நீர்த்து, 0.1 மில்லியைத் தட்டில் பரப்புங்கள். வகைக்கு மூன்று தட்டு. பிழைத்த ஒவ்வொரு செல்லும் பெருகி இரண்டு நாளில் வெண்புள்ளிகள் வரும், ஓசூர் குளிரில் இன்னொரு நாள் ஆகலாம்.

கணக்கு, உதாரணமாகப் புள்ளிகளின் எண்ணிக்கை: எதுவும் படாதது 120, சுழற்சி 114, வெயில் 60, இரண்டும் 57 என்று வந்தால் வெயில் இரு பக்கமும் பாதியைத்தான் கொன்றிருக்கிறது, சேர்ந்ததால் கூடுதல் கேடு இல்லை. கடைசி எண் 35 என்றால், சுழன்ற 114-ல் பிழைத்தது 31 சதவீதம்தான். பழுதுபார்ப்பில் சுழற்சி குறுக்கிட்டிருக்கலாம். வேறு நாட்களில் மூன்று முறை அதே முடிவு வந்தால்தான் எழுதி வையுங்கள். பச்சை, கறுப்புப் பூஞ்சை வந்த தட்டைத் திறக்காமல் குக்கரில் 20 நிமிடம் வேகவைத்துக் கொட்டிவிடுங்கள்.