மல்லுக்கு நிற்கும் ஸ்பீக்கருக்கு வால்வு ஆம்ப் சேர்ப்பது எப்படி?

முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டுக் கூடத்தில் 8 வாட் வால்வு ஆம்ப் (கண்ணாடிக் குழாய் வால்வுகளால் ஒலியைப் பெருக்கும் கருவி) ஒன்றை ஒரு சின்ன ஸ்பீக்கர் ஜோடியோடு இணைத்தேன். நாதஸ்வரம் கேட்கச் சுகமாக இருந்தது. தவில் சேர்ந்ததும் ஒவ்வொரு அடியும் அட்டைப்பெட்டியைத் தட்டினாற்போல் மழுங்கிவிட்டது. ஆம்ப்பும் நல்லது, ஸ்பீக்கரும் நல்லது; பொருத்தம்தான் இல்லை. காசு போடுவதற்கு முன் நீங்கள் இதையெல்லாம் பார்த்துவிடுங்கள்.

முதலில் ஸ்பீக்கரின் சென்சிட்டிவிட்டி. 1 வாட் கொடுத்து 1 மீட்டர் தள்ளி அளந்தால் எத்தனை டெசிபல் என்பதுதான் அது. வாட் இரண்டு மடங்கானால் சத்தம் கூடுவது 3 டெசிபல்தான். 83 டெசிபல் ஸ்பீக்கர் 8 வாட்டில் 92 வரை போகும், 40 வாட்டில் 99. அதுவே 92 டெசிபல் ஸ்பீக்கர் என்றால் 8 வாட்டிலேயே 101. கையேட்டில் 1 வாட்டுக்குப் பதில் 2.83 வோல்ட் என்று போட்டிருந்தால் கவனம்: 4 ஓம் ஸ்பீக்கருக்கு அது 2 வாட். 3 டெசிபலைக் கழித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது ஓம், அதாவது ஸ்பீக்கரின் மின்தடை. என்னைக் கேட்டால் வாட்டைவிட இதுதான் முக்கியம். ‘8 ஓம்’ என்று எழுதியிருக்கும் ஸ்பீக்கர் எல்லாச் சுருதியிலும் 8 ஓமாக இருப்பதில்லை. ஓரிடத்தில் 20க்கு ஏறும், இன்னோரிடத்தில் 3க்கு இறங்கும். ஃபீட்பேக் (வெளிவரும் ஒலியில் கொஞ்சத்தை உள்ளே திருப்பிப் பிழை திருத்தும் ஏற்பாடு) இல்லாத வால்வு ஆம்ப்பின் சொந்த மின்தடை 2 ஓம் என்று வைத்துக்கொள்வோம். இந்த ஏற்ற இறக்கத்தில் மட்டும் சத்தம் மூன்றரை டெசிபல் அளவுக்கு மாறிப்போகும். பாட்டின் நிறமே வேறாகிவிடும். அதனால் வாங்கும் முன் ஓம் வரைபடத்தைத் தேடிப் பாருங்கள். மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால் 8 ஓம் ஸ்பீக்கர் ஏறத்தாழ 6 காட்டும், ஆனால் அந்தப் பள்ளங்கள் அதில் தெரியாது.

பிபிசி 1970களில் வடிவமைத்த எல்எஸ்3/5ஏ ஸ்பீக்கர் 83 டெசிபலைக்கூடத் தாண்டாது. ஆனாலும் வால்வுப் பிரியர்கள் அதை விடமாட்டார்கள். காரணம், அதன் ஆரம்ப கால வகை 15 ஓம்; அதற்கு முன் ஆம்ப்பின் சொந்த மின்தடை சின்னதுதான். பெரிய அறையை நிரப்பாது, ஆனால் வால்வோடு இணங்கிப் போகும்.

சரி, ஓம் கீழே இறங்கும் ஸ்பீக்கர் ஏற்கெனவே கையில் இருந்தால்? ஆம்ப்பின் பின்னால் 4, 8, 16 என்று முனைகள் இருக்கும். ஆம்ப்பை அணைத்துவிட்டு வயரை 8இலிருந்து 4க்கு மாற்றுங்கள். சத்தம் கொஞ்சம் குறையும், பாஸ் பிடிப்பாக வரும். பழக்கமான ஒரே பாட்டை இரண்டிலும் கேட்டு, காதுக்குப் பிடித்ததை வைத்துக்கொள்ளுங்கள். நான் மாற்றியதும் தவிலின் தொப்பிப் பக்கம் (தாழ்ந்த ஒலி தரும் பக்கம்) கொஞ்சம் தெளிந்தது. முழுதாகத் திருந்தியது இஎல்34 புஷ்-புல் ஆம்ப் (இஎல்34 வகை வால்வுகள் ஜோடியாக வேலை செய்வது) வந்த பிறகுதான். அது 35 வாட்.

ஸ்பீக்கர் வயர் இல்லாமல் வால்வு ஆம்ப்பை ஓட்டவே கூடாது, வால்வுக்கும் ஸ்பீக்கருக்கும் இடையே உள்ள அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும். அணைத்த பிறகும் கெப்பாசிட்டரில் நூற்றுக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கும்; அடிப்பக்க மூடியைத் திறக்காதீர்கள். அப்புறம், நம்ம ஊர் உப்புக்காற்று. கடலோரம் குடியிருந்தால் சில மாதத்துக்கு ஒருமுறை, ஆம்ப் நன்றாக ஆறியபின் வால்வுகளைக் கழற்றி ஊசிகளைப் பாருங்கள். கறுத்திருந்தால் கான்டாக்ட் கிளீனரால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு அதே இடத்தில் செருகுங்கள்.