மனித குளோனிங் பற்றி ஒரு செய்தி வந்தால் அதை எடைபோடுவது எப்படி

எங்கள் தெருவில் ஒரு அக்கா, சில வருடங்களுக்கு முன் விபத்தில் மகனைப் பறிகொடுத்தவர், ஒருநாள் அவன் தலைவாரிய சீப்பை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு எடுத்துக்கொண்டு வந்து, “தம்பி, நீ பயாலஜி படிச்சவன்தானே, இந்த முடியை வச்சு குளோனிங் பண்ணினா அவன் திரும்ப வந்துருவானாமே, வாட்ஸப்ல வந்துச்சு” என்று கேட்டார். அன்று எனக்கு வாய் வரவில்லை. அவரிடம் சொல்லாமல் விட்டதையெல்லாம் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். இப்படி ஒரு செய்தியோ வீடியோவோ உங்களுக்கு வந்தால், கீழே இருக்கும் கேள்விகளை அதன்மேல் வைத்துப் பாருங்கள்.

முதலில், குளோனிங் (ஒருவரின் மரபணு நகலை உருவாக்குவது) குழந்தை பெறவா, செல் எடுக்கவா என்று பாருங்கள்.

தொடக்கம் இரண்டுக்கும் ஒன்றுதான். ஒரு பெண்ணின் சினைமுட்டையை மைக்ரோஸ்கோப்புக்கு அடியில் வைத்து, கண்ணாடிக் குழாயின் முனையால் அசையாமல் பிடித்துக்கொண்டு, இன்னொரு நுண்ணிய ஊசியால் அதன் மரபணுப் பொருளை உறிஞ்சி எடுத்துவிடுவார்கள். அந்த இடத்தில் யாரை நகலெடுக்க வேண்டுமோ அவருடைய தோல் செல் ஒன்றை வைத்து லேசாக மின்சாரம் கொடுத்தால், எல்லாம் சரியாக அமைந்தால், இரண்டும் ஒன்றாகிக் கருவைப் போலப் பிளக்கத் தொடங்கும். அதை ஒரு கருப்பையில் வைத்தால் குழந்தைக்கான முயற்சி. சில நாட்களில் பிரித்து ஸ்டெம் செல் (உடலின் பலவகைச் செல்களாக மாறக்கூடிய மூலச் செல்) எடுத்தால் சிகிச்சைக்கான முயற்சி. 2013-ல் அமெரிக்காவின் ஓரிகானில் ஷௌக்ரத் மிதாலிபோவ் குழு மனித செல்லை வைத்துச் செய்துகாட்டியது இந்த இரண்டாவது வகை, அதில் குழந்தை எதுவும் பிறக்கவில்லை. செய்தி எந்த வகையைப் பற்றியது என்று தெளிவாகச் சொல்லவில்லை என்றால் மேற்கொண்டு படிக்கும்போது கவனமாக இருங்கள். (சீப்பில் சிக்கிய முடியில் இதற்கு உதவும் உயிருள்ள செல் இருக்காது, அதையும் சொல்லிவிடுகிறேன்.)

அடுத்து, ஒன்று பிழைக்க எத்தனை போயின என்று தேடுங்கள்.

இதைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். ஸ்காட்லாந்தின் ராஸ்லின் நிலையத்தில் 1996 ஜூலை 5 அன்று பிறந்த டாலி ஆட்டின் படம் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதற்காக 277 முட்டைகளில் செல் இணைத்தார்கள், அதில் 29 கருக்கள் 13 ஆடுகளின் வயிற்றில் வைக்கப்பட்டன, பிறந்தது ஒன்றே ஒன்று. 2018-ல் ஷாங்காயில் அறிவித்த ஜோங் ஜோங், ஹுவா ஹுவா என்ற இரண்டு குரங்குக் குட்டிகளுக்கு 79 கருக்கள், 21 வாடகைத்தாய்க் குரங்குகள் தேவைப்பட்டன, அதுவும் கருவிலிருந்த குட்டியின் செல்லை எடுத்ததால். அதே ஆய்வில் வளர்ந்த குரங்கின் செல்லை வைத்து 42 வாடகைத்தாய்க் குரங்குகளிடம் முயன்றபோது இரண்டு குட்டிகள் பிறந்தன, இரண்டும் சீக்கிரமே இறந்துவிட்டன. நம் நாட்டில் கர்னாலில் இருக்கும் தேசியப் பால்பண்ணை ஆராய்ச்சி நிலையத்தில் 2009 பிப்ரவரியில் பிறந்த குளோனிங் எருமைக் கன்று சம்ரூபா ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. அதே வருடம் ஜூனில் அடுத்த கன்று கரிமா பிறந்தது.

தப்பிப் பிழைத்தவை பெரும்பாலும் நன்றாகவே வாழ்கின்றன என்பதையும் சொல்லவேண்டும். டாலியின் அதே செல் வரிசையிலிருந்து வந்த நான்கு ஆடுகள் உட்பட 13 குளோனிங் ஆடுகளை நாட்டிங்காமில் ஆராய்ந்து, அவை இயல்பாகவே வயதாகின்றன என்று 2016-ல் வெளியிட்டார்கள். ஆக, சிக்கல் பெரும்பாலும் பிறப்பதற்கு முன்பும் பிறந்த சில நாட்களிலும்தான். அந்த எண்களில் ஆட்டை எடுத்துவிட்டுப் பெண்ணை வைத்துப் படித்துப் பாருங்கள். கலைந்த ஒவ்வொரு கருவும் ஒருத்தியின் வயிற்றில் கலைந்தது, மூச்சுத்திணறி இறந்த ஒவ்வொன்றும் ஒரு குழந்தை. இதை ‘ஆரம்பகாலத் தோல்வி’ என்று கடந்துபோக என்னால் முடியாது.

அப்புறம், முட்டை யார் கொடுத்தது?

இந்தக் கேள்வியைப் பலரும் கேட்பதே இல்லை. தென்கொரியாவில் ஹ்வாங் வூ-சுக் என்ற விஞ்ஞானி, குளோனிங் செய்த மனிதக் கருவிலிருந்து ஸ்டெம் செல் எடுத்துவிட்டதாக 2004-லும் 2005-லும் கட்டுரை வெளியிட்டு நாட்டின் நாயகனாகவே ஆனார். அது பொய் என்று பிறகு தெரிந்து 2006-ல் இரண்டு கட்டுரைகளும் திரும்பப் பெறப்பட்டன. பொய்யைவிட எனக்கு உறுத்துவது வேறு. விசாரணையில், 2,000-க்கும் மேற்பட்ட சினைமுட்டைகள் பயன்படுத்தப்பட்டது வெளிவந்தது. கொடுத்தவர்களில் சிலருக்குப் பணம் தரப்பட்டிருந்தது, சிலர் அவருடைய ஆய்வகத்திலேயே வேலை பார்த்த பெண்கள். மேலதிகாரி கேட்கும்போது முடியாது என்று சொல்வது எவ்வளவு கஷ்டம்? முட்டை எடுப்பதென்றால் பல நாள் ஹார்மோன் ஊசி, பிறகு மயக்க மருந்து, சிலருக்கு வயிறு வீங்கி நீர் கோத்து ஆஸ்பத்திரியில் சேரும் நிலை, அரிதாக உயிருக்கே ஆபத்து. குளோனிங் தொழிலாகிவிட்டால் முட்டை விற்க வருகிறவர் வசதியான வீட்டுப் பெண்ணாக இருக்கமாட்டார்.

சரி, நன்மையே இல்லையா? இருக்கிறது. நோயாளியின் சொந்த மரபணு கொண்ட செல் கிடைத்தால் உடல் அதை அந்நியமாக எதிர்ப்பது குறையும், அவருடைய நோய் எப்படி வளர்கிறது என்று ஆய்வகத் தட்டிலேயே பார்க்கலாம். ஆனால் அந்த நன்மைக்கு வேறு வழி வந்துவிட்டதா என்றும் கேளுங்கள். ஜப்பானின் ஷின்யா யமனாக்கா 2006-ல் எலியிலும் 2007-ல் மனிதரிலும் சாதாரணத் தோல் செல்லையே ஸ்டெம் செல்லைப்போல மாற்றிக் காட்டினார், 2012-ல் நோபல் பரிசும் பெற்றார். முட்டையும் வேண்டாம், கருவும் வேண்டாம். சிகிச்சைக்காகத்தான் குளோனிங் என்று ஒருவர் இன்று சொன்னால், இந்த வழி ஏன் போதாது என்று அவர்தான் விளக்கவேண்டும்.

இறந்தவரைத் திரும்பக் கொண்டுவரலாம் என்று இருந்தால், ஒரு பூனையை நினைத்துக்கொள்ளுங்கள். டெக்சாஸில் 2001 டிசம்பரில் பிறந்த ‘சிசி’ உலகின் முதல் குளோனிங் பூனை. அதன் மூலப் பூனைக்கு உடம்பில் ஆரஞ்சுத் திட்டுகள் இருந்தன, சிசிக்கு ஒரு திட்டுகூட இல்லை, ஏனென்றால் எடுத்த செல்லில் அந்த நிறத்துக்கான ஜீன் அணைந்திருந்தது. நிறமே திரும்பாதபோது நினைவும் குணமும் எங்கிருந்து வரும்? அப்படிப் பிறக்கும் குழந்தை ஒரு புதுக் குழந்தை, அதன்மேல் இறந்தவனின் பெயரையும் பிடித்த சாப்பாட்டையும் படிப்பையும் ஏற்றிவைப்போம். உறவுமுறையே குழம்பும்: அப்பாவின் நகலாகப் பிறந்தவன் அவருக்கு மகனா, தம்பியா? மரபணுக் கணக்கில் அவனைப் பெற்றவர்கள் தாத்தாவும் பாட்டியும். சொத்து, தத்து, பராமரிப்பு என்று எதற்கும் நம் சட்டத்தில் இப்படி ஒரு உறவு இல்லை.

கடைசியாக ஆதாரமும் சட்டமும். 2002 டிசம்பரில் க்ளோனெய்ட் என்ற அமைப்பு ‘ஈவ்’ என்று ஒரு குளோனிங் குழந்தை பிறந்துவிட்டதாக அறிவித்தது, டி.என்.ஏ. சோதனைக்கு மட்டும் கடைசிவரை தரவில்லை. 2005-ல் ஐ.நா. பொதுச்சபை மனித குளோனிங்கை எல்லா வகையிலும் தடைசெய்யச் சொல்லி 84-க்கு 34 என்ற வாக்கில் பிரகடனம் நிறைவேற்றியது, ஆனால் அது யாரையும் கட்டுப்படுத்தாது. சிகிச்சைக்கான ஆய்வும் அடைபட்டுவிடும் என்று இந்தியா எதிர்த்து வாக்களித்தது. குளோனிங் மூலம் குழந்தை உருவாக்குவதை இங்கே ஐ.சி.எம்.ஆர். என்ற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஸ்டெம் செல் வழிகாட்டுதல்கள் தடைசெய்கின்றன.

உங்களுக்கு நேரில் வரப்போவது குளோனிங்கைவிட ‘ஸ்டெம் செல் சிகிச்சை’ விளம்பரமாகத்தான் இருக்கும். ரத்த நோய்களுக்கான எலும்பு மஜ்ஜை மாற்று போன்றவை நிலைபெற்ற சிகிச்சை. மற்றதைப் பரிசோதனை என்றே வைத்துக்கொண்டு, சிடிஆர்ஐ (இந்தியாவில் நடக்கும் மருத்துவப் பரிசோதனைகளின் பதிவேடு, CTRI) பதிவு எண் என்ன என்று எழுத்தில் கேளுங்கள், கிடைத்தால் அந்த இணையதளத்தில் எண்ணைப் போட்டு, நோயின் பெயரும் ஆஸ்பத்திரியின் பெயரும் பொருந்துகிறதா என்று பாருங்கள். எண் தராமல் முன்பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். அந்த அக்காவிடமும் இப்படி யாராவது பணம் கேட்டார்களா என்று நான் அன்றே விசாரித்திருக்கவேண்டும். இந்த வாரம் போய்க் கேட்கப்போகிறேன்.