சார்ச்சுவில் அடுப்பு எரிய வைத்த விதம்

மணாலியிலிருந்து லே போகும் வழியில், சுமார் 4,300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது சார்ச்சு. வழியில் உள்ள ஜிஸ்பா கிராமத்தில் தங்கி உடம்பை உயரத்துக்குப் பழக்கிக்கொண்டு, குடும்பத்தோடு அங்கே கூடாரம் போட்டோம். ஜூலை மாதம்தான், ஆனாலும் விடியற்காலையில் தண்ணீர் உறைகிற குளிர். குழந்தைகளுக்குப் பால் காய்ச்ச கேஸ் அடுப்பைப் பற்றவைத்தால், தீ நீலமாக எட்டிப்பார்த்து அடங்கிவிட்டது.

கேன் நிறைய எரிவாயு இருந்தது. அதில் இருப்பது பியூட்டேன். பூஜ்ஜியம் டிகிரியை ஒட்டிய குளிரில் அது சரியாக ஆவியாகாமல் பெரும்பாலும் திரவமாகவே தங்கிவிடும். எரிய எரிய கேன் இன்னும் குளிர்ந்துபோகும். முந்தைய இரவு ஃபிளாஸ்கில் ஊற்றிவைத்த வெந்நீரைப் பச்சைத்தண்ணீரோடு கலந்து, கை பொறுக்கும் சூட்டில் ஒரு கிண்ணத்தில் வைத்து, கேனை அடுப்பிலிருந்து கழற்றி அதில் கொஞ்ச நேரம் நிறுத்தினேன். துடைத்து மாட்டியதும் தீ நன்றாக எழுந்தது. கொதிநீர் கூடவே கூடாது, கேன் வெடிக்கலாம். அடுத்த இரவுகளில் கேனைத் துணியில் சுற்றி என் ஸ்லீப்பிங் பேக்குக்குள்ளேயே வைத்துக்கொண்டேன்.

அப்புறம் சோறு. அந்த உயரத்தில் தண்ணீர் சுமார் 86 டிகிரியிலேயே கொதித்துவிடும், திறந்த பாத்திரத்தில் அரிசி நறுக்கென்றே நிற்கும். சின்ன குக்கர்தான் காப்பாற்றியது. ஊரில் வைப்பதைவிட ஒரு விசில் கூடுதலாக விட்டேன். எவ்வளவு குளிரினாலும் அடுப்பைக் கூடாரத்துக்குள் எரிக்காதீர்கள், கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாமல் ஆளைக் கொல்லும்.